தேயிலைத் தூருக்கடியில் தேங்காயும் மாசியும்

மலையகத் தமிழர்களிடம் கொஞ்ச நேரம் பழங்கதை பேசினால் இந்தக் கதை எப்படியும் வந்துவிடும். "கண்டிச் சீமையில தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கிடைக்கும்" என்று சொல்லித்தான் கங்காணி பாட்டன் பூட்டனை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தானாம். மாசி என்றால் மாசிக்கருவாடு. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்த மாலத்தீவுச் சரக்கு. இடித்துத் தேங்காயோடு சேர்த்தால் சம்பல்.

இதே மாதிரிக் கதை நம்மவர்களிடம் மட்டும் இல்லை. மொரீஷியஸுக்குப் போன போஜ்புரிக்காரர்களின் பேரன்மார் "கல்லைப் புரட்டினால் அடியில் தங்கம் இருக்கும் என்று சொன்னார்கள்" என்கிறார்கள். டிரினிடாடுக்குப் போனவர்களிடம் சீனி சலிக்கிற லேசான வேலை என்று சொல்லப்பட்டதாம். சூரினாமை 'ஸ்ரீராம் தேசம்' என்று ஆக்கி, ஏதோ புண்ணியத் தலம் மாதிரி காட்டினார்கள். பிஜி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில்தான் என்று பதில் கிடைத்ததாம்.

இதையெல்லாம் படிக்கும்போது நமக்கு உடனே தோன்றுவது என்ன? பாவம், விவரம் தெரியாத ஜனங்கள், ஏமாந்துவிட்டார்கள் என்பதுதான். ரொம்ப வசதியான முடிவு இது. வண்டி வண்டியாக ஆட்கள் போன நூறு நூற்றைம்பது வருஷ இடப்பெயர்வை வெறும் ஏமாளித்தனம் என்று சொல்லிவிட முடியுமா? ஒரு தடவை ஏமாறலாம். அப்பா போய் வந்த பிறகு மகனும், அண்ணன் செத்த பிறகு தம்பியும் அதே வழியில் ஏன் போனார்கள்?

எதை நம்பிப் போனார்கள், அது எவ்வளவு பொய், எவ்வளவு மெய் என்று பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு. பெரும்பாலும் இலங்கை, கொஞ்சம் மலாயா, கொஞ்சம் பிஜி.

ஏன் தங்கம் இல்லை, ஏன் தேங்காய்?

முதலில் அந்தக் கதையையே கவனித்துப் பாருங்கள். மொரீஷியஸ் கதையில் தங்கம் வருகிறது. நம் கதையில் வருவது குழம்புச் சாமான்! புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று பெரும்பாலும் மானம் பார்த்த பூமியிலிருந்து போனவர்கள் இவர்கள். கம்பும் கேழ்வரகும் வரகும்தான் அன்றாடம். அரிசிச் சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு என்பது அடுத்த தெரு வீட்டில் மணக்கிற சங்கதி. அவர்களிடம் போய் வைரம் வைடூரியம் என்று சொன்னால் எடுபடாது. நாள்தோறும் ருசியாக ஒரு குழம்பு என்றால் எடுபடும்.

தூரைத் தோண்டினால் தேங்காய் வரும் என்பதை யாரும் அப்படியே நம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மண்ணோடு வாழ்ந்தவனுக்குத் தேங்காய் எங்கே காய்க்கும் என்று தெரியாதா? "அவன் காலடியில் பணம் கொட்டிக் கிடக்கு" என்று நாம் இன்று சொல்வது போன்ற பேச்சுதான் அது. வந்து பட்ட பிறகு, பட்டவர்களே தங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ள அதைக் கூர் தீட்டி வைத்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு விஷயம். அரிசி பற்றிச் சொன்னது பொய்யில்லை. தோட்டங்களில் தொழிலாளிக்கு அரிசி கொடுத்தார்கள், கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. கங்காணி சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அந்த அரிசியின் விலை சம்பளத்தில் பிடிக்கப்படும். குளிருக்குக் கொடுக்கிற கறுப்புக் கம்பளிக்கும் அப்படியே. சமவெளி வெயிலில் காய்ந்த உடம்பு நாலாயிரம் ஐயாயிரம் அடி உயரத்தில் மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கும்போது கம்பளி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கியது கணக்கில் ஏறும்.

கங்காணி யார்?

இங்கேதான் 'ஏமாந்தார்கள்' என்ற கதை உடைகிறது. பிஜிக்கும் மொரீஷியஸுக்கும் ஆள் சேர்த்தவர்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாத தரகர்கள். சந்தையிலும் ரயிலடியிலும் கோயில் வாசலிலும் தனியாக நிற்பவனைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார்கள். தோதாராம் சனாத்யா என்பவர் 1893-ல் அலகாபாதில் இப்படித்தான் ஒரு ஆள்பிடியிடம் மாட்டி பிஜி போய்ச் சேர்ந்தார். 21 வருஷம் கழித்து ஊர் திரும்பி, 1914-ல் அந்த அனுபவத்தை இந்தியில் புத்தகமாக எழுதினார். பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' பாடியதும் இந்த பிஜியை நினைத்துத்தான்.

இலங்கையிலும் பிறகு மலாயாவிலும் நடந்தது வேறு. அங்கே ஆள் கட்டியது கங்காணி. அவன் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், அல்லது பக்கத்து ஊர்க்காரன். தோட்டத்துரை அவன் கையில் முன்பணம் கொடுத்து அனுப்புவான். கங்காணி ஊருக்கு வருவான், தன் சொந்தபந்தத்தையும் தெரிந்த குடும்பங்களையும் திரட்டிக்கொண்டு போவான். கோட்டும் தலைப்பாகையும் காதில் கடுக்கனுமாக நிற்கும் பெரிய கங்காணிகளின் பழைய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோலத்தில் ஒருவன் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து, "என்னடா தம்பி, இன்னும் அந்தப் பண்ணையிலயேவா கிடக்க?" என்று கேட்டால் போதாதா? பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவனே விளம்பரம்.

அவன் நன்றாக இருப்பது உண்மைதான். ஆனால் எதனால் நன்றாக இருக்கிறான் என்பது ஊருக்குத் தெரியாது. அவன் கட்டிக்கொண்டு போன ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்குகிறார்களோ, அத்தனை தலைக்கும் அவனுக்குத் தனிக் காசு உண்டு. 'பென்ஸ் காசு' என்று பேர். ஆட்களுக்குக் கொடுத்த முன்பணத்துக்கும் கடனுக்கும் அவன்தான் கணக்குப்பிள்ளை, அவன்தான் வட்டிக்காரன். அதாவது ஊர்க்காரர்கள் பார்த்தது தேயிலை தந்த செழிப்பை அல்ல, ஆள் கட்டியதால் வந்த செழிப்பை. "நாமும் போனால் இவன் மாதிரி ஆகலாம்" என்று நினைத்தவன், "நம்மைக் கொண்டுபோவதால்தான் இவன் இப்படி இருக்கிறான்" என்பதைப் பார்க்க வழியே இல்லை.

சம்பளக் கணக்கு

வெளிநாடு பற்றிய தப்பெண்ணங்களில் மிகப் பழையது இதுதான். அங்கத்துச் சம்பளத்தை இங்கத்து விலைவாசியால் அளப்பது.

பிஜி ஒப்பந்தத்தில் ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங், அதாவது 12 அணா என்று எழுதியிருந்தது. ஊரில் நாள் முழுக்க உழைத்தாலும் பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத காலம். கேட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அந்த ஒரு ஷில்லிங், அன்றைக்கு அளந்து கொடுத்த வேலையை முடித்தால்தான். முடிக்காவிட்டால் கூலி குறையும். உடம்புக்கு முடியாமல் படுத்தால் கூலியே இல்லை. பிஜியில் அரிசி பருப்பு விலையும் ஊர் விலை இல்லை. எழுத்தில் இருந்தது பொய்யில்லை. எழுத்துக்கு அர்த்தம் அங்கே போனால்தான் விளங்கும், அவ்வளவுதான். விளங்கிய பிறகு ஐந்து வருஷம் வெளியேற முடியாது. இலவசமாகத் திரும்பிவரக் கப்பல் வேண்டுமென்றால் மொத்தம் பத்து வருஷம் இருக்க வேண்டும்.

இலங்கையில் ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று ஒன்று கிடையாது. காகிதத்தில் பார்த்தால் அவன் சுதந்திரமான ஆள். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். இதுவும் மெய்தான். ஆனால் கடன் இருந்ததே! பயணச் செலவு, வழிச் சோறு, கம்பளி, ஊரில் கொடுத்துவிட்டு வந்த முன்பணம் என்று எல்லாம் அவன் பேரில் எழுதப்பட்டிருக்கும். கடனோடு ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றால், 'இவ்வளவு தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன்' என்று துரை ஒரு சீட்டு எழுதித் தரவேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பேர். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைதான் மாறும். கங்காணிக்கு இதில் லாபம் பார்க்க வழி இருந்ததால் கடன் ஏறிக்கொண்டே போனது. 1921-ல் வந்த சட்டம்தான் துண்டு முறைக்கு முடிவு கட்டியது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று குறைந்தபட்ச நாள் கூலி நிர்ணயமானது 1920களின் கடைசியில்.

இதையும் சொல்லியாக வேண்டும். கிளம்பியவன் கடனே இல்லாத சுதந்திர மனிதனாகவா இருந்தான்? பலரும் ஊரில் பண்ணையாள். அப்பன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு மகன் உழைக்கிற பரம்பரைக் கடன். கங்காணி கொடுத்த முன்பணத்தில் பண்ணையார் கடனைத் தீர்த்துவிட்டுக் கிளம்பியவர்கள் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரியோடு கிளம்பியவர்களும் உண்டு. கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கடல் தாண்டினால் சாதி இருக்காது என்பது அவர்களுடைய கணக்கு. அதுவும் பாதிதான் பலித்தது. லயத்தில் யார் எந்த வரிசையில் குடியிருப்பது என்பதிலும், பெரிய கங்காணி எந்தச் சாதி என்பதிலும் ஊர் கூடவே வந்திருந்தது. ஆனாலும் ஊரில் இருந்த அளவுக்கு இறுக்கம் இல்லை. நெல் கூலிக்குப் பதில் காசு, ஆண்டையின் பெயருக்குப் பதில் செக்ரோலில் தன் பெயர். அந்தப் 'பாதி' அவனுக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்காது.

அதற்கு மேல் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் செத்தார்கள். அந்த வருஷங்களில் இலங்கைக்குப் போனவர்கள் தொகை எகிறியது. அவர்களைத் தேங்காய் மாசிக் கதை சொல்லி யாரும் கூட்டிப்போக வேண்டியிருக்கவில்லை.

கெட்ட செய்தி ஏன் ஊர் வந்து சேரவில்லை?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. நூறு வருஷம் போக்குவரத்து நடந்திருக்கிறது. உண்மை நிலவரம் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். மலாயா இந்தியர்களைப் பற்றி ஆராய்ந்த கெர்னியல் சிங் சாந்து போட்ட மதிப்பீடு இது. 1786-லிருந்து 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியர் சுமார் 42 லட்சம், அங்கிருந்து கிளம்பியவர் சுமார் 30 லட்சம். மீதி 12 லட்சம் இருக்க வேண்டும். ஆனால் 1957-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து இருந்த இந்தியர் எட்டரை லட்சத்தை ஒட்டித்தான். அதிலும் பாதிக்கு மேல் அங்கேயே பிறந்தவர்கள். அப்படியானால் மற்றவர்கள் எங்கே? காட்டை வெட்டியபோது மலேரியாவில், வயிற்றுப்போக்கில், பாம்புக்கடியில், போர்க்காலத்தில் சயாம் மரண ரயிலில் போனவர்கள். இலங்கையிலும் கோப்பிக் காலத்தில், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களைக் காலரா வழியிலேயே எடுத்துக்கொண்டது.

செத்தவன் ஊருக்கு வந்து கதை சொல்ல மாட்டான். கடனில் மாட்டியவனுக்கு வரக் காசு இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாததால் கடிதம் எழுத யாரையாவது பிடிக்க வேண்டும். தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர் யார்? கணக்கப்பிள்ளையும் கங்காணி வீட்டு ஆட்களும். அவர்களிடம் போய் "கங்காணி ஏமாத்திட்டான்" என்று எழுதச் சொல்ல முடியுமா?

வந்து சேர்ந்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஊர் திரும்புகிறவன் கையில் இருப்பதில் நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வருவான். நாலு பேருக்குப் பலகாரம் வாங்கி வருவான். போன இடத்தில் நாய்படாத பாடு பட்டேன் என்று எந்த மனிதனும் மாமன் மச்சான் முன்னால் சொல்ல விரும்ப மாட்டான். அவன் சொன்னதும் பொய்யில்லை, சொல்லாமல் விட்டதுதான் அதிகம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்கள் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கெட்ட செய்தி வெளியே வரத்தான் செய்தது, தாமதமாக. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களில் வந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' 1969-ல் ஆங்கிலத்தில் வந்து, பிறகுதான் 'எரியும் பனிக்காடு' என்று தமிழானது. 'பரதேசி' படம் அதை ஒட்டி எடுக்கப்பட்டது. ஆனைமலை நம் நாட்டுக்குள்ளேதான். ஆனாலும் மேஸ்திரி ஊருக்கு வந்து பேசுகிற பேச்சும், முன்பணமும், தீராத கணக்கும் எல்லாம் அச்சு அசல் அதேதான். அப்படியென்றால் கோளாறு கடலைத் தாண்டுவதில் இல்லை, முன்பணத்தில்.

"போயிட்டு வந்துடலாம்"

எல்லாவற்றிலும் பெரிய தப்பெண்ணம் சம்பளம் பற்றியதோ சோறு பற்றியதோ அல்ல. திரும்பி வந்துவிடலாம் என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இது முழு உண்மை.

இலங்கையில் முதலில் வந்தது கோப்பி. கோப்பிக்கு ஆள் அதிகம் வேண்டியது பழம் பறிக்கிற சில மாதங்களில்தான். போனார்கள், பறித்தார்கள், கையில் நாலு காசோடு ஊர் வேலைக்குத் திரும்பினார்கள். பெரும்பாலும் ஆண்கள் மட்டும். 1869-ல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பி அழிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும், வருஷம் முழுக்கக் கிள்ளவேண்டும். கிள்ளப் பெண்கள் வேண்டும். ஆக, குடும்பத்தோடு வரவேண்டும். செடி மாறியதும் பயணத்தின் அர்த்தமே மாறிவிட்டது. ஆனால் ஊரில் மட்டும் பழைய பேச்சு அப்படியே இருந்தது. கண்டிக்குப் போவது என்றால் போய்விட்டு வருவது என்றே நினைத்தார்கள்.

இந்த எண்ணம் தொழிலாளிக்கு மட்டும் இருந்ததில்லை. துரைக்கும் அதே எண்ணம், வேண்டாதபோது திருப்பி அனுப்பிவிடலாம் என்று. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது மலாயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அப்படித்தான் அனுப்பினார்கள். இலங்கை அரசியல்வாதிகளுக்கும் அதே எண்ணம், இவர்கள் வந்தவர்கள்தானே, போகட்டுமே என்று. 1946 கணக்கெடுப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர் சுமார் 7,80,000 பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, சான்று காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது சான்று? ஓட்டும் போனது.

1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த மீதியையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

மலையக ஸ்டேஷன்களிலிருந்து அவர்கள் கிளம்பிய ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பேர் வந்தது. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இந்த மண்டபம் முகாம்தான் ஒரு காலத்தில் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய் பார்த்து, அம்மை குத்தி, இலங்கைக்கு அனுப்புவதற்காக நடத்தப்பட்ட இடம். பாட்டன் போன அதே வாசல் வழியே பேரன் உள்ளே வந்தான்.

வந்தவனுக்கும் ஒரு கதை சொல்லப்பட்டிருந்தது. வீடு கிடைக்கும், கடன் கொடுப்பார்கள், வேலை கொடுப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேல் அது நம் சொந்த ஊர். இதிலும் கொஞ்சம் மெய் இருந்தது. நீலகிரியில் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது, பல குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் நிலைத்தன. ஆனால் தேயிலை தவிர வேறு தெரியாதவர்களுக்குச் சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்தது, கடையில் முடியாமல் கடனில்தான் முடிந்தது. கொடைக்கானல் மலைப்பக்கம் சில குடும்பங்கள் கொத்தடிமைகளாக இருந்தது 1980களில் வெளியே தெரிந்தது. அங்கே 'இந்தியாக்காரன்' என்று பேர் வாங்கியவர்கள் இங்கே 'சிலோன்காரன்' ஆனார்கள்.

ஆகவே தேங்காய் மாசிக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். போனவர்கள் கேட்ட சேதிகளில் முழுப் பொய் குறைவு. அரிசி கிடைத்தது, கூலி காசாகக் கிடைத்தது, பண்ணையாரிடமிருந்து விடுதலையும் ஓரளவு கிடைத்தது. அவர்கள் தோற்றது, யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயங்களில். கடன் யார் பேரில் எழுதப்படும், திரும்பிவரச் செலவை யார் கொடுப்பார், அங்கே பிறக்கிற பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டிருந்தால் கங்காணியிடம் பதில் இருந்திருக்காது. துரையிடமும் இருந்திருக்காது. மூன்றாவது கேள்விக்கு இரண்டு அரசாங்கங்கள் பதில் தேடி முடிக்க 2003 வரை ஆனது. எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது அந்த வருஷம்தான்.